புது ரேம் விற்காமல் என் மெஷினை ஓட வைத்த கிருஷ்ணகிரி கடை

கிருஷ்ணகிரியில் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுக்கும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் "வேலை மெதுவா நடக்குது" என்று போய் நின்றால் பாதிக்கு மேற்பட்ட கடைகளில் ஒரே பதில்தான் வரும்: ரேம் இன்னும் போடுங்க, இல்லாட்டி எஸ்எஸ்டி மாத்துங்க. ராயக்கோட்டை சாலையில் மாடியில் இருக்கும் ஒரு சின்னக் கடையில் அந்தப் பதில் வரவில்லை. அங்கே ஒரு அண்ணன் தனியாளாக உட்கார்ந்து வேலை பார்க்கிறார். எதையும் விற்பதற்கு முன்னால், மெஷினுக்குள் டேட்டா எந்த வழியாக எந்தப் பக்கம் போகிறது, எந்தப் பக்கம் சும்மா கிடக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்கிறார். ஐந்துக்கு நாலரை ஸ்டார் கொடுக்கிறேன். அரையை ஏன் குறைத்தேன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

என் வேலை டிரோன் சர்வே. பர்கூர், ஜெகதேவி பக்கம் கிரானைட் குவாரிகளுக்கு மேலே பறந்து படம் எடுத்து, வெப்ஓடிஎம் என்ற சாஃப்ட்வேரில் போட்டு, பாயின்ட் கிளவுடும் (இடத்தின் உருவத்தைக் காட்டும் முப்பரிமாணப் புள்ளிகள்) ஆர்த்தோ மேப்பும் (படங்களை ஒட்டி மேலிருந்து பார்க்கிற மாதிரி ஆக்கிய மேப்) எடுத்துத் தருவோம். ஒரு பெரிய குவாரி என்றால் ஆயிரத்துக்கும் மேல் படம் வந்துவிடும். இந்த வேலையின் குணம் என்னவென்றால், படங்களை ஒரு பக்கம் வாசித்துக்கொண்டே இருக்கும், இன்னொரு பக்கம் நடுவில் உண்டாகும் ஃபைல்களை எழுதிக்கொண்டே இருக்கும், அதுவும் ஜிபி கணக்கில். ரைசன் 7 5800எக்ஸ், பி550 போர்டு, 64 ஜிபி ரேம், ஒரு ஜென் 4 (அதாவது பிசிஐஇ 4.0) எஸ்எஸ்டி என்று ஓரளவு நல்ல மெஷின்தான். வேறொரு ஊரில் அசெம்பிள் செய்து வாங்கியது. காகிதத்தில் இருக்கும் வேகத்துக்கும் கையில் கிடைக்கும் வேகத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் பக்கவாட்டு மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, ரேம் ரெண்டு இருக்கு, வழி ஒண்ணுதான் இருக்கு" என்றார். 32 ஜிபி ஸ்டிக் இரண்டையும் பிராசஸரை ஒட்டிய முதல் இரண்டு ஸ்லாட்டில் செருகியிருந்தார்கள். நாலு ஸ்லாட் உள்ள போர்டில் அப்படிப் போட்டால் இரண்டும் ஒரே சேனலில், அதாவது பிராசஸருக்குப் போகும் ஒரே வழியில், போய் உட்கார்ந்துகொள்ளும். பிராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நாலாவதிலும் போட வேண்டும். அதோடு பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமை ஸ்டிக்கரில் உள்ள வேகத்துக்கு ஓட்டும் செட்டிங்) ஆன் செய்யப்படவே இல்லை, ஆகவே 3200 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்த ரேம் 2133-இல் ஓடியது.

கணக்கு எளிதானது. டிடிஆர்4-இல் ஒரு சேனல் 64 பிட் அகலம். 3200-இல் ஓடினால் ஒரு சேனலுக்கு நொடிக்கு 25.6 ஜிபி, இரண்டு சேனலுக்கு 51.2. எனக்குக் கிடைத்துக்கொண்டிருந்தது 2133-இல் ஒரே சேனல், அதாவது 17 ஜிபி சொச்சம். மூன்றில் ஒரு பங்கு! ஸ்டிக்கை இடம் மாற்றி, பயாஸில் ஒரு வரியை ஆன் செய்ததும் மூன்று மடங்கு வழி திறந்துவிட்டது. இதற்கு ஒரு ரூபாய்க்குக்கூடப் புதுப் பொருள் வாங்கவில்லை. ஏஐ சர்வர்களுக்காக உலகத்து மெமரியெல்லாம் அங்கே போய், ரேம் விலை எகிறிப்போன நேரத்தில், இன்னொரு ஜோடி ரேமை என் தலையில் கட்டியிருந்தால் எனக்குத் தெரிந்திருக்கவே தெரியாது.

இத்தோடு அவர் நிறுத்தியிருந்தாலும் நல்ல மெக்கானிக் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். இந்த ரிவ்யூவை எழுத வைத்தது அதற்கப்புறம் அவர் செய்தது.

ரேமுக்கும் பிராசஸருக்கும் நடுவில் ஓடும் டேட்டா வயர்கள் படிக்கவும் எழுதவும் ஒரே வயர்கள்தான். ஒரு நேரத்தில் ஒரு திசை. ரோடு வேலை நடக்கும் இடத்தில் ஒரு பக்கத்தை நிறுத்தி மறுபக்கத்து வண்டிகளை விடுவார்களே, அந்த மாதிரி. கொடி மாறும் ஒவ்வொரு தடவையும் ரோடு கொஞ்ச நேரம் காலியாகக் கிடக்கும். அதனால்தான் ரேமை நடத்தும் மெமரி கன்ட்ரோலர் எழுத வேண்டியதை ஓரமாகச் சேர்த்து வைத்து, ஒரே மூச்சில் எழுதிவிட்டு, மறுபடி படிக்கப் போகிறது. திசை மாறுவதைக் குறைத்தால் வீணாவதும் குறையும். எஸ்எஸ்டி உட்காரும் பிசிஐஇ இணைப்பு அப்படி இல்லை. ஒவ்வொரு லேனிலும் (தடத்திலும்) அனுப்ப ஒரு ஜோடி வயர், வாங்க ஒரு ஜோடி வயர் தனித்தனியாக உண்டு. பிசிஐஇ 3.0-இல் நாலு லேன் என்றால் நொடிக்கு கிட்டத்தட்ட 3.9 ஜிபி உள்ளே வரலாம், அதே நொடியில் இன்னொரு 3.9 வெளியே போகலாம். வெறுமனே படித்துக்கொண்டு மட்டும் இருந்தால் வெளியே போகும் பாதி முழுக்கச் சும்மா கிடக்கும். காசு கொடுத்து வாங்கிய வழியில் பாதி.

இதை அவர் பாடமாக நடத்தவில்லை. என் மெஷினிலேயே திரையில் காட்டினார். டிரைவின் விவரங்களைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்தால் டிரான்ஸ்ஃபர் மோடு என்று ஒரு வரி இருக்கும், நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் இப்போது ஓடும் வேகம், வலப்பக்கம் அந்த டிரைவால் முடிந்த வேகம். என்னுடையதில் இடப்பக்கம் பிசிஐஇ 3.0, வலப்பக்கம் பிசிஐஇ 4.0. ஜென் 4 டிரைவை போர்டில் கீழே இருக்கும் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் மாட்டியிருந்தார்கள். பி550-இல் மேலே இருக்கும் முதல் ஸ்லாட் நேராகப் பிராசஸருக்குப் போகிறது, ஜென் 4 வேகம். இரண்டாவது ஸ்லாட் சிப்செட் (போர்டில் இருக்கும் துணைச் சிப்) வழியாகப் போகிறது. அந்த சிப்செட்டுக்கும் பிராசஸருக்கும் நடுவில் இருப்பதே பிசிஐஇ 3.0-இல் நாலு லேன்தான். அந்த நாலு லேனில்தான் சாட்டா என்ற பழைய வகை இணைப்பில் மாட்டும் டிரைவ்கள், நெட்வொர்க், யூஎஸ்பியில் ஒரு பகுதி எல்லாம் நெருக்கியடித்துப் போக வேண்டும். முதல் ஸ்லாட் கிராஃபிக்ஸ் கார்டுக்கும் பிராசஸர் கூலருக்கும் நடுவில் இடுக்கில் இருக்கும், கார்டைக் கழற்றாமல் கை போகாது. சோம்பல்தான் காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

டிரைவை மேலே மாற்றினார். அப்புறம், "உன் வேலைக்கு இன்னொரு டிரைவ் வேணும், ஆனா புதுசு வேணாம்" என்று செகண்ட் ஹேண்ட் 1 டிபி ஜென் 3 டிரைவ் ஒன்றை எடுத்தார். வாங்கச் சொல்வதற்கு முன்னால் அதை மாட்டி, எவ்வளவு ஹெல்த் மிச்சம், எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்பதைத் திரையில் காட்டினார். பழைய பொருள் விற்பவர்கள் எல்லோரும் இதைச் செய்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்.

எதற்காக இன்னொன்று? எனக்கு அதுவரை படங்கள் ஒரு சாட்டா எஸ்எஸ்டியில் இருந்தன. சாட்டாவில் அனுப்ப ஒரு ஜோடி, வாங்க ஒரு ஜோடி என்று வயர் இரண்டு ஜோடி உண்டு. ஆனால் டேட்டா ஒரு நேரத்தில் ஒரு பக்கம்தான் போகும். எதிர்ப் பக்கத்து ஜோடி, "வந்தது", "கொஞ்சம் நிறுத்து" மாதிரியான சிக்னல்களுக்கே சரியாகிவிடும். வேகமும் நொடிக்கு 550 எம்பி சுற்றித்தான் கிடைக்கும். ஆகவே படங்களைப் புதிதாக வந்த ஜென் 3 டிரைவுக்கு மாற்றி, நடுவில் உண்டாகும் ஃபைல்கள் மட்டும் ஜென் 4 டிரைவில் விழுகிற மாதிரி வைத்தார். ஒன்றிலிருந்து படிப்பு, இன்னொன்றில் எழுத்து. சாட்டா டிரைவ் முடிந்த வேலைகளைப் போட்டு வைக்க மட்டும்.

ஒரே டிரைவில் இரண்டையும் செய்தால் என்ன, வயர் இரண்டு பக்கமும் போகும்தானே என்று கேட்டேன். உடனே டிரைவ் வேகத்தை அளக்கும் கிரிஸ்டல்டிஸ்க்மார்க்கில் மிக்ஸ் டெஸ்டைப் போட்டுக் காட்டினார், 70 சதவீதம் படிப்பு, 30 சதவீதம் எழுத்து. வயர் இரண்டு பக்கமும் தாராளமாக இருக்கிறது, ஆனால் உள்ளே இருக்கும் ஃபிளாஷ் சிப் எழுதிக்கொண்டிருக்கும்போது அதே சிப்பில் படிப்பு காத்திருக்க வேண்டியிருக்கிறது. அதிலும் வேகமாக எழுதி வைக்கும் தற்காலிக இடமான கேஷ் நிரம்பிவிட்டால் எழுதும் வேகம் பொத்தென்று விழும். வழியை இருவழியாக்கினால் மட்டும் போதாது, வழியின் முனையில் உட்கார்ந்திருப்பவனும் இரண்டையும் சமாளிக்க வேண்டும். எனக்கு இந்த ஒரு விளக்கத்துக்கே காசு கொடுக்கலாம் போலிருந்தது.

அவர் சொன்னதில் என்னை ரொம்பவும் யோசிக்க வைத்தது இன்னொன்று. சிப்செட் வழி குறுகலானது, அதில் டிரைவ் போடவே கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். அண்ணன் கணக்கு வேறு. சிப்செட்டில் தொங்கும் ஒரு டிரைவிலிருந்து அதே சிப்செட்டில் தொங்கும் இன்னொரு டிரைவுக்குக் காப்பி செய்தால், டேட்டா ஒரு திசையில் ரேமுக்கு ஏறிப் போகிறது, எதிர்த் திசையில் இறங்கி வருகிறது. அந்த 3.9 ஜிபி வழி இரண்டு பக்கமும் நிறைகிறது, ஒன்றை ஒன்று இடிக்கவில்லை. இடிப்பது எப்போது என்றால், இரண்டு டிரைவிலிருந்தும் ஒரே நேரத்தில் படிக்கும்போது. அப்போது ஏறும் பக்கம் நெரிசல், இறங்கும் பக்கம் ஈயாடும். எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள் என்பதோடு, யார் எந்தத் திசையில் போகிறார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார். எந்த யூடியூப் வீடியோவிலும் இதை நான் கேட்டதில்லை.

ரைசனைப் பற்றி ஒரு விஷயம், வாங்கும்போது யாரும் சொல்ல மாட்டார்கள். ஐடா64 என்ற சாஃப்ட்வேரில் மெமரி டெஸ்ட் ஓட்டியபோது படிக்கும் வேகம் நொடிக்கு 51 ஜிபியைத் தொடும் தூரத்துக்கு ஏறியது, எழுதும் வேகம் 25 சொச்சத்தைத் தாண்டவே இல்லை. ஏதோ கோளாறு என்று நான் பதறினேன். கோளாறு இல்லை, அதன் அமைப்பே அப்படி. 5800எக்ஸ் மாதிரி எட்டு கோரும் ஒரே சிப்லெட்டில் (பிராசஸருக்குள் இருக்கும் சின்னச் சிப்) இருக்கும் பிராசஸர்களில், அந்தச் சிப்லெட்டுக்கும் மெமரி கன்ட்ரோலர் இருக்கும் சிப்புக்கும் நடுவில் ஒரு கிளாக்குக்கு 32 பைட் உள்ளே வரலாம், 16 பைட்தான் வெளியே போகலாம். 3200 ரேம் என்றால் அந்த வழி 1600 மெகாஹெர்ட்ஸில் ஓடும், பெருக்கினால் 51.2-உம் 25.6-உம் வரும். இரண்டு சிப்லெட் உள்ள 5900எக்ஸ் எடுத்தால் எழுதும் வழி இரட்டிப்பாகும். பெரும்பாலான வேலைகளில் எழுத்தைவிடப் படிப்பு அதிகம், அதனால் ஏஎம்டி அப்படி வைத்தது சரியான முடிவு என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. ஆனால் எங்களைப் போல எழுதித் தள்ளுகிறவர்கள் பிராசஸர் வாங்கும்போது இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

பேக்கப் பிரச்சினை தனி. வெளியில் மாட்டும் எஸ்எஸ்டியில் கிளையன்ட்டுக்குக் காப்பி போட்டுக் கொடுக்க ஒரு யுகம் ஆகும். அண்ணன் அந்தக் கேபிளை எடுத்து, இரண்டு முனையையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, மேசையில் தனியாக வைத்துவிட்டார். டைப்-சி முனைதான், ஆனால் ஃபோன் சார்ஜருடன் வந்தது. அந்த மாதிரிக் கேபிள்களில் பலதிலும் யூஎஸ்பி 2.0-க்கான வயர்கள் மட்டும்தான் இருக்கும்: 480 மெகாபிட், அதுவும் ஒரு நேரத்தில் ஒரு திசை. 3.0-இலிருந்துதான் அனுப்பவும் வாங்கவும் தனித்தனி ஜோடிகள் வருகின்றன. கேபிளை மாற்றியும் டிரைவின் பெட்டி பழசு என்பதால் அதையும் மாற்றச் சொன்னார். பழைய பெட்டி ஒரு கட்டளையை முடித்துவிட்டுத்தான் அடுத்ததை வாங்கும், அப்படி இருந்தால் இருவழி வயர் இருந்தும் புண்ணியமில்லை. யூஏஎஸ்பி (UASP) உள்ள பெட்டி பல கட்டளைகளை வரிசையில் வாங்கி வைத்துக்கொள்ளும். வாங்கும்போது அட்டைப் பெட்டியில் அந்த நாலெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். பின்பக்கம் எந்த யூஎஸ்பி போர்ட் நேராகப் பிராசஸருக்குப் போகிறது என்று போர்டு மேனுவலில் தேடிப் பிடித்து, அதன் மேல் பச்சை டேப் ஒட்டிக் கொடுத்தார். இன்றைக்கும் எங்கள் ஆபீஸில் "பச்சையில மாட்டு" என்றால் எல்லோருக்கும் தெரியும்.

பெங்களூர் பக்கம் டேட்டா சென்டரில் வேலை செய்யும் நண்பரிடம் இதைச் சொன்னபோது, சர்வர்களில் இப்போது பெரிய பேச்சே இதுதான் என்றார். சிஎக்ஸ்எல் என்ற முறை 2019-இல் வந்தது, பிசிஐஇ வயர்கள் மேலேயே மெமரியை மாட்டுவது. டிடிஆர்5-4800 ஒரு சேனல் நொடிக்கு 38.4 ஜிபி, ஆனால் அது படிப்பும் எழுத்தும் சேர்த்து. பிசிஐஇ 5.0-இல் எட்டு லேன் உள்ள சிஎக்ஸ்எல் கார்டு ஒரு திசைக்கு 31 ஜிபிக்கு மேல், எதிர்த் திசைக்கும் அதே அளவு. படிப்பு மட்டுமே ஓடினால் டிடிஆர் முந்தும். படிப்பும் எழுத்தும் கலந்து ஓடினால் டிடிஆர் திசை மாற்றுவதில் நேரத்தை இழக்கும், சிஎக்ஸ்எல் இரண்டு பக்கமும் நிறைத்துக்கொண்டு போகும். ஆகவே எந்த வேலையை எந்த மெமரியில் வைப்பது, எவ்வளவு பங்கு வைப்பது என்பதுதான் வித்தை. லினக்ஸில் 2024-இல் வந்த 6.9 கெர்னலிலிருந்து (கெர்னல் என்பது ஓஎஸ்ஸின் மையப் பகுதி) மெமரி பக்கங்களை இன்ன விகிதத்தில் இரண்டுக்கும் பிரித்துப் போடு என்று சொல்ல முடிகிறது. ராயக்கோட்டை சாலைக் கடையில் சிஎக்ஸ்எல் கார்டு கிடைக்காது, தேவையும் இல்லை. ஆனால் அங்கே பெரிய பெரிய ஆட்கள் சர்வருக்குப் போடும் கணக்கும், இங்கே அண்ணன் என் மெஷினுக்குப் போட்ட கணக்கும் ஒரே கணக்கு. அதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது.

பலன் என்ன? படங்களை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்கும் முதல் கட்டத்தில் பெரிய மாற்றமில்லை, அது முழுக்க பிராசஸரின் உழைப்பு. பாயின்ட் கிளவுட் கட்டும் இடத்திலும், கடைசியில் ஆர்த்தோ மேப்பை எழுதும் இடத்திலும் வித்தியாசம் கண்கூடு. முன்பெல்லாம் சாயங்காலம் போட்ட வேலை மறுநாள் ஆபீஸ் திறக்கும்போதும் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது காலையில் வந்தால் முடிந்து உட்கார்ந்திருக்கிறது. இன்னொன்று, ஓடும்போது மெஷின் உறைந்துபோய் மவுஸ்கூட நகராமல் நிற்கும், அது போயே போய்விட்டது.

சரி, குறைத்த அரை ஸ்டாருக்கு வருவோம். எப்போது கிடைக்கும் என்று கேட்டால் "பாக்கலாம் தம்பி" என்பதுதான் பதில். ஃபோன் எடுப்பது அபூர்வம், நேரில்தான் போய்ப் பார்க்க வேண்டும். வேலை கையில் இருக்கும்போது அது பெரிய இம்சை, கிளையன்ட்டுக்கு நான் தேதி சொல்லியாக வேண்டும் அல்லவா. என்னென்ன மாற்றினார் என்று ஒரு தாளில் எழுதித் தந்திருக்கலாம், கேட்டும் வாயால்தான் சொன்னார். பயாஸ் பேட்டரி மாற்றினால் எக்ஸ்எம்பி மறுபடி ஆஃப் ஆகிவிடும், அதைத் தெரியாத ஒருவர் வாங்கிப் போனால் பழையபடி மெதுவாகத்தான் ஓடும். குறுகலான மாடிப்படியில் கேபினட்டைத் தூக்கிக்கொண்டு ஏறுவதும் சிரமம்.

ரேமை 3600-க்கு ஏற்றித் தரச் சொன்னேன், மறுத்துவிட்டார். ராத்திரி முழுக்க ஓடும் வேலையில் ஒரு பிட் தப்பானால் மேப் முழுக்க வீண் என்றார். ஆரம்பத்தில் வருத்தமாக இருந்தது, ஏப்ரல் மே வெயிலில் எங்கள் ஷீட் கூரை ஆபீஸ் எப்படிக் கொதிக்கும் என்று யோசித்தால் அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது. ஜென் 4 டிரைவுக்கு ஹீட்சிங்க் கட்டாயம் போட வைத்தார், அதுவும் அந்த வெயிலுக்காகத்தான்.

சர்வீஸ் சார்ஜ் 1,200 ரூபாய் வாங்கினார். டிரைவுக்கும் கேபிளுக்கும் பெட்டிக்கும் தனி. லேப்டாப் எடுப்பதில்லை, டெஸ்க்டாப் மட்டும். மதியச் சாப்பாட்டுக்குக் கடையைச் சாத்திவிடுவார், நாலு மணிக்கு மேல் போனால் நிதானமாகப் பேசலாம். போகிறவர்கள் மதர்போர்டு மேனுவலையும், நீங்கள் தினமும் மாட்டும் வெளி டிரைவ், கேபிள் எல்லாவற்றையும் கூடவே எடுத்துப் போங்கள். உங்கள் வேலையில் எது படிப்பு, எது எழுத்து, இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுமா என்பதைத்தான் அவர் முதலில் கேட்பார், அதற்குப் பதில் தயாராக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும்.